புது ட்ரெய்லரோடு ஏரிக்கரைக்கு இரண்டு பேர்

கட்டிலும் குசினியும் உள்ள புது ட்ரெய்லரின் முதற் பயணம் குழம்பினால் ட்ரெய்லரைக் குறை சொல்வதுதான் வழக்கம். பார்க்கப்போனால் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்திருப்பார்கள், வரிசை மட்டும் மாறியிருக்கும். வெந்நீர்த் தாங்கி நிரம்புமுன் அதன் சுவிட்சைப் போட்டிருப்பார்கள். சில்லுக்குக் கட்டை வைக்குமுன் காரிலிருந்து கழற்றியிருப்பார்கள். இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது. 22 அடி அளவான இழுவை ட்ரெய்லர், இரண்டு பேர், மூன்று இரவு, இடம் கனடாவில் ஒன்ராறியோவின் சாண்ட்பாங்ஸ் மாகாணப் பூங்கா என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே 200 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். காரில் இரண்டரை மணித்தியாலம் என்றால் ட்ரெய்லரோடு மூன்றரை என்று வையுங்கள்.

இடம் பிடித்தல்

ஒன்ராறியோ பூங்காக்களில் முன்பதிவு நீங்கள் போய் இறங்கும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னதாக, காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 15 போவதென்றால் பெப்ரவரி 15 காலை கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும். சாண்ட்பாங்ஸில் கோடைகால வார இறுதி இடங்கள் தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும். அதனால் முதல்நாளே ஏழெட்டு இட எண்களைக் குறித்து வையுங்கள். முதற் பயணத்துக்கு வாரநாளே போதும். பின்னுக்கு எடுக்கப் பழகும்போது பார்க்க ஆள் குறைவாக இருப்பது பெரிய நிம்மதி.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது தண்ணீர்க் கரைக்கு எத்தனை அடி என்று மட்டும் பார்க்காதீர்கள். மின்சார வசதி உள்ள இடமா, உங்கள் ட்ரெய்லரின் நீளத்துக்குப் போதுமா, நிலம் சமமா என்பவை முக்கியம். ட்ரெய்லர் நீளம் என்பது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியும் சேர்ந்தது. 22 அடி என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்தால் உண்மையில் 25, 26 அடி இருக்கலாம். சாரதிப் பக்கமாக, அதாவது உங்கள் இடதுபக்கம், பின்னுக்கு எடுக்கக்கூடிய இடம் கிடைத்தால் எடுங்கள். ட்ரெய்லர் வளைவதை யன்னலால் தலையை நீட்டியே பார்க்கலாம். ஓர் இடத்தில் ஆறு பேர்தான் தங்கலாம். பகலில் வந்துபோகும் உறவினரின் வாகனத்துக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எடைக் கணக்கு

"இந்த வாகனம் 5,000 இறாத்தல் இழுக்கும்" என்று விற்பனையாளர் சொல்வது பாதிக் கணக்கு. மற்றப் பாதி சாரதிக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆட்களும் சாமானும் சேர்த்து வாகனம் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண் அது. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் வாகனத்தின் பின்பக்கத்தில், ட்ரெய்லரை மாட்டும் கொழுவியில், இறங்கும். அதுவும் இந்த எண்ணுக்குள்தான் அடங்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சாமானோடு ட்ரெய்லர் 2,200 கிலோ என்றால் கொழுவியில் இறங்குவது சுமார் 280 கிலோ. இரண்டு பேர் 150 கிலோ. ஸ்டிக்கரில் 500 கிலோ என்று போட்டிருந்தால் மிச்சம் 70 கிலோ. அதற்குள் கொழுவிச் சாதனம், குளிர்பெட்டி, சைக்கிள், கதிரை எல்லாம் அடங்க வேண்டும். இழுக்கும் பலம் தாராளமாக இருக்க, தாங்கும் பலம் முதலில் முடிந்துபோவது இப்படித்தான்.

பாரத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் ட்ரெய்லரின் பின்பக்கம் அடுக்கினால் நிலைமை இன்னும் மோசம். கொழுவியில் 10 வீதத்துக்குக் கீழே இறங்கினால் ட்ரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். கனமான சாமான் சில்லுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருக்கட்டும். நிரம்பிய 150 லீற்றர் தண்ணீர்த் தாங்கி 150 கிலோ என்பதையும் மறக்கக் கூடாது. பூங்காவிலேயே குடிநீர்க் குழாய் இருப்பதால் வீட்டிலிருந்து பத்து இருபது லீற்றருக்கு மேல் சுமக்கத் தேவையில்லை.

ஒன்ராறியோவில் முழு ஜி (சாதாரண கார்) சாரதி உரிமம் இருந்தால் 4,600 கிலோ வரை இழுக்கலாம். ஓடும்போது ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது, நித்திரை வந்தாலும்.

வீட்டு வாசலில் ஓர் இரவு

பயணத்துக்கு ஒரு கிழமை முன் ட்ரெய்லரை வீட்டு வாசலிலேயே நிறுத்தி ஓர் இரவு அதற்குள் படுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சாம்பாரைச் சூடாக்கி, குளித்து, கழிவறையைப் பாவித்து, விடிய எழும்பினால் எது வேலைசெய்யவில்லை, எது வாங்க மறந்துபோனது என்று தெரிந்துவிடும். கரண்டி வாங்க மறந்தவர்கள் ஏராளம்.

அன்று தண்ணீர் அமைப்பைக் கழுவ வேண்டும். குளிர்காலத்தில் விற்பனை நிலையத்தில் நின்ற ட்ரெய்லரின் குழாய்களில் இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் இருக்கும். நுரை போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை எல்லாக் குழாய்களையும் திறந்து விடுங்கள். பிறகு வாசனை சேராத சாதாரண பிளீச்சை, 57 லீற்றர் தாங்கிக்கு 60 மில்லிலீற்றர் என்ற கணக்கில், ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தாங்கிக்குள் ஊற்றித் தாங்கியை நிரப்புங்கள். 150 லீற்றருக்கு ஏறத்தாழ 160 மில்லி வரும். ஒவ்வொரு குழாயிலும் பிளீச் மணம் வரும்வரை பம்பை ஓடவிட்டு, குறைந்தது நாலு மணித்தியாலம் வையுங்கள். பிறகு மணம் போகும்வரை இரண்டு தடவை நிரப்பி வெளியேற்றுங்கள்.

இனி வெந்நீர்த் தாங்கி. குளிர்காலத்தில் உறைதடுப்புத் திரவம் வீணாகாமல் இருக்க, வெந்நீர்த் தாங்கிக்குள் தண்ணீர் போகாமல் ஒரு திருகைத் திருப்பி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் கட்டிலுக்குக் கீழேயோ குசினி அலுமாரியின் பின்பக்கத்திலோ இருக்கும். கொண்டுவந்த அன்றே அதை வழமையான நிலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பாமல் மின்சாரச் சுவிட்சைப் போட்டால் வெறும் தாங்கிக்குள் சூடாகும் கம்பி ஒரு சில நிமிடத்தில் கருகிவிடும். தாங்கி நிரம்பியதற்கு அடையாளம் எளிது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் முதலில் காற்று துப்பித் துப்பி வரும், பிறகு தண்ணீர் ஒரே சீராக விழும். சீராக விழுந்த பிறகுதான் சுவிட்ச்.

காஸ் சிலிண்டரை ஆறுதலாகத் திறவுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு அடைப்பு 'குழாய் வெடித்துவிட்டது' என்று நினைத்து காஸைக் குறைத்துவிடும். அடுப்பு மெழுகுதிரி போல எரிந்தால் காரணம் அதுதான். மூடி, ஒரு நிமிடம் விட்டு, மெல்லத் திறந்தால் சரியாகும். இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். காஸிலும் கரண்டிலும் ஓடும் பழைய வகைக் குளிர்சாதனப் பெட்டி குளிர ஒரு முழு இரவு எடுக்கும். புறப்படும் நாளுக்கு முதல்நாளே அதைப் போட்டுவிட வேண்டும்.

கொழுவுதல்

ஒருவர் தொடங்கிய கொழுவுதலை அவரே முடிக்க வேண்டும். இடையில் கதைக்க வேண்டாம், தொலைபேசி எடுக்க வேண்டாம். "சங்கிலி போட்டாச்சோ?" என்று அரைவாசியில் ஆள் மாறும் இடத்தில்தான் ஒரு படி தவறும். மற்றவர் தாளில் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு கடைசியில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கட்டும்.

1. கொழுவியின் உருண்டை ட்ரெய்லரின் கிண்ணத்துக்குச் சரியான அளவா என்று பாருங்கள். இரண்டு அங்குலமும் 2 5/16 அங்குலமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். சிறிய உருண்டையில் பெரிய கிண்ணம் உட்காரும், முதற் குழியிலேயே கழரும். அளவு உருண்டையின் மேலேயே பொறித்திருக்கும்.
2. கிண்ணத்தை உருண்டையில் இறக்கி, பூட்டி, ஆணியைப் போடுங்கள்.
3. முன் ஜாக்கியால் ட்ரெய்லரைச் சற்று உயர்த்துங்கள். வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. கிண்ணம் மட்டும் தனியே மேலே வந்தால் விழவில்லை. இந்த அரை நிமிடச் சோதனையை விடவே வேண்டாம்.
4. எடையைப் பகிரும் கம்பிகள் இருந்தால் இப்போது மாட்டுங்கள்.
5. சங்கிலிகளைக் கீழே குறுக்காகப் போடுங்கள். கிண்ணம் கழன்றால் ட்ரெய்லரின் மூக்கு வீதியில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தங்கும்.
6. ட்ரெய்லர் கழன்றால் அதன் பிரேக்கைத் தானாகப் போடும் அவசர பிரேக் கம்பியை வாகனத்தின் சட்டத்தில் தனியே மாட்டுங்கள். சங்கிலியோடு சேர்த்துக் கட்டினால் அதற்குப் பயனே இல்லை.
7. ஏழு முனை மின்வயர், பிறகு வெளிச்சச் சோதனை.
8. ஜாக்கியை முழுதும் ஏற்றி, கடைசியாகச் சில்லுக் கட்டைகளை எடுங்கள்.

வீதிக்குப் போகுமுன், 20 கிலோமீற்றர் வேகத்தில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும், வாகனத்துக்குள் உள்ள அதன் கட்டுப்பாட்டுக் கருவியில், கையால் அமர்த்திப் பாருங்கள். பின்னால் இருந்து யாரோ பிடித்து இழுப்பது போல உணர வேண்டும், சில்லு இறுகிச் சறுக்கக் கூடாது. ரயர்க் காற்றைக் காலையில், ஓடுமுன், ரயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவுக்கு வையுங்கள். வாகனக் கதவில் உள்ள எண் வாகனத்தின் ரயருக்குத்தான். புது ட்ரெய்லரின் சில்லு நட்டுகள் முதல் 80 கிலோமீற்றருக்குள் தளரும். அதற்குள் இரண்டு மூன்று தடவை நிறுத்தி, முறுக்கு அளவுத் திறப்பால் கைநூலில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். நிறுத்தும்போது ரயர் மையத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நாலில் ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்து பிரேக்கோ பெயாரிங்கோ பிழை.

401 நெடுஞ்சாலையில் வலது தடம், மணிக்கு 95 கிலோமீற்றர் போதும். பெரிய லொறி கடக்கும்போது ட்ரெய்லர் முதலில் மறுபக்கமாகத் தள்ளுப்படும், பிறகு லொறியின் பக்கமாக இழுபடும். ஸ்ரியரிங்கை வெட்டித் திருப்ப வேண்டாம். உண்மையிலேயே ஆடத் தொடங்கினால் காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அமர்த்துங்கள். வாகனப் பிரேக்கை அழுத்தினால் ஆட்டம் கூடும்.

பின்னுக்கு எடுத்தல்

எத்தனையோ சோடிகளின் முதற் சண்டை நடக்கும் இடம் இது. தவிர்க்கும் வழி, வீட்டிலேயே ஒப்பந்தம் செய்வது. வழிகாட்டுபவரைக் கண்ணாடியில் காணாவிட்டால் ஓட்டுபவர் உடனே நிறுத்த வேண்டும். "இப்படி, அப்படி" என்ற சொற்கள் கிடையாது. "ட்ரெய்லரின் பின்பக்கம் சாரதிப் பக்கம்" அல்லது "மற்றப் பக்கம்", அவ்வளவுதான். கூவுவதைவிட இரண்டு கைத்தொலைபேசிகளில் அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் விடுவது மேல்.

ஓட்டுபவர் கையை ஸ்ரியரிங்கின் அடியில், ஆறு மணி நிலையில் வையுங்கள். கையை இடப்பக்கம் நகர்த்தினால் ட்ரெய்லரும் இடப்பக்கம் போகும். மூளையைத் தலைகீழாக்கத் தேவையில்லை. கொஞ்சமாகத் திருப்பி, மெல்ல நகர்ந்து, வளைவு கூடினால் முன்னுக்கு எடுத்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள். வழிகாட்டுபவர் நிலத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே பாருங்கள். ஏசியின் மூடியை உடைப்பது மரக்கிளை.

நிறுத்திய பின்

இடம் கொடுப்பது பிற்பகல் 2 மணிக்கு. அதற்கு முன் வந்து வாசலில் காத்திருக்க வேண்டாம், இருட்டிய பின்னும் வர வேண்டாம்.

முதலில் பக்கவாட்டுச் சமம். ஏனெனில் அது வாகனத்தில் கொழுவியிருக்கும்போதுதான் முடியும். தாழ்ந்த பக்கத்துச் சில்லைப் பிளாஸ்டிக் கட்டைமேல் ஏற்றுங்கள். அடுத்து இருபக்கச் சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை. பிறகே கழற்றல். அதன்பின் முன்பின் சமம், முன் ஜாக்கியால். நாலு மூலைத் தாங்குகால்கள் கடைசி. அவை ஆட்டத்தைக் குறைக்கத்தான், தூக்குவதற்கல்ல. அவற்றால் ட்ரெய்லரை நிமிர்த்தப் போனால் சட்டம் முறுகி, அடுத்த நாள் கதவு மூடாது. நகரும் அறை (பக்கச் சுவரோடு வெளியே நீளும் பகுதி) இருந்தால் வெளியே மரமும் மின்கம்பமும் தட்டாதா என்று ஒருவர் வெளியே நின்று பார்த்த பிறகு திறவுங்கள். சாண்ட்பாங்ஸின் நிலம் மணல் என்பதால் ஜாக்கிக்கும் தாங்குகாலுக்கும் கீழே பலகைத் துண்டு வைக்காவிட்டால் இரவில் மெல்லப் புதையும்.

கரண்ட்

கம்பத்தில் உள்ள 30 அம்பியர் பொருத்தி 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். கம்பத்தின் பிரேக்கரை அணைத்து, மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவியைச் செருகி, பிறகு வயரைச் செருகி, அதன்பின் பிரேக்கரைப் போடுங்கள். ஒரு கம்பம் இரண்டு இடங்களுக்குப் பொதுவாக இருக்கலாம், உங்கள் வயர் எட்டாமல் போகலாம். 30 அம்பியர் நீட்சி வயர் ஒன்று கட்டாயம். தோட்டத்து ஒரெஞ்சு வயரால் ஏசியை ஓட்டினால் முனை உருகும்.

30 அம்பியர் நிறைய என்று தோன்றும். ஏசி 13, வெந்நீர்க் கம்பி 12, மின்சாரக் கேத்தில் 12. மூன்றும் சேர்ந்தால் 37. காலையில் ஏசி ஓட, ஒருவர் குளிக்கச் சுடுதண்ணீர் போட, மற்றவர் தேநீருக்குக் கேத்திலைத் தட்ட, பிரேக்கர் விழுந்து மூன்றும் நிற்கும். வெந்நீரைக் காஸுக்கு மாற்றுங்கள், பிரச்சினை தீர்ந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடாது. சம்பலை வீட்டிலேயே அரைத்து வாருங்கள்.

தண்ணீரும் கழிவும்

இங்கே மின்சார இடங்களில்கூடத் தண்ணீர்க் குழாயோ கழிவுக் குழாயோ ட்ரெய்லர்வரை வராது. வரும் வழியில் நிரப்பும் நிலையத்தில் வெள்ளைக் குடிநீர்க் குழாயால் தாங்கியை நிரப்பிக்கொண்டு இடத்துக்குப் போங்கள். கழிவுநீரை நிலத்தில் விடுவது குற்றம். அப்படியானால் மூன்று இரவுக்கு எவ்வளவு தண்ணீர் பாவிக்கலாம் என்று முடிவுசெய்வது, குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் கழிவுநீர்த் தாங்கிதான். நனைந்து, நிறுத்தி, சவர்க்காரம் பூசி, திறந்து கழுவினால் ஒரு குளியல் பத்துப் பன்னிரண்டு லீற்றரில் முடியும். தாங்கி நிரம்பினால் முதல் அடையாளம் குளியல் தொட்டியின் அடியில் மேலெழும் அழுக்குத் தண்ணீர்.

மலத் தாங்கிக்குப் புறப்படுமுன் பத்து லீற்றர் தண்ணீரும் மருந்தும் விடுங்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இது. தண்ணீர் குறைந்தால் திண்மம் துளைக்குக் கீழே கோபுரம்போலக் குவிந்து காய்ந்துவிடும். கடதாசி கரைகிறதா என்று அறிய, ஒரு போத்தல் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள்.

வெளியேற்றும் வரிசை: கையுறை, குழாயைப் பொருத்தி மற்ற முனையைக் குழிக்குள் ஊன்றுதல், முதலில் மலத் தாங்கி, அதை மூடிய பின் கழிவுநீர்த் தாங்கி. சவர்க்காரத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். இரண்டு அடைப்பும் மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் மூடியைக் கழற்றாதீர்கள்.

சமையல்

மீன் பொரிப்பதும் தாளிப்பதும் வெளியே, மேசைமேல் வைத்த காஸ் அடுப்பில். உள்ளே தாளித்தால் புகை அலாரம் அடிக்கும் என்பது சின்ன விஷயம். எண்ணெய் மணம் மெத்தைத் துணிகளில் ஏறி அடுத்த வருடம்வரை இருக்கும். புட்டும் இடியப்பமும் இன்னொரு விதம். அரை மணித்தியால ஆவி மூடிய ட்ரெய்லரின் யன்னல் சட்டங்களில் தண்ணீராக வழியும், மெத்தைக்கு அடியில் தேங்கும், பூஞ்சணம் பிடிக்கும். அவிப்பதாக இருந்தால் கூரை விசிறியைப் போட்டு ஒரு யன்னலைத் திறவுங்கள். இரவிலும் கூரைத் துவாரத்தை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைப்பது ஏரிக்கரை ஈரத்துக்கு நல்லது. கோப்பை கழுவுமுன் கறியையும் சோற்றுப் பருக்கையையும் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். தாங்கிக்குள் போன எண்ணெய் வெளியே வராது.

சாப்பாடு, குப்பை, பாவித்த துணி எதையும் இரவில் வெளியே விட வேண்டாம், ரக்கூன் பெட்டி மூடியை நம்மைவிடக் கெதியாகத் திறக்கும். விறகைப் பூங்காவிலேயே வாங்குங்கள். வீட்டு விறகோடு மரத்தை அரிக்கும் பூச்சிகள் பயணம் செய்கின்றன, ஒன்ராறியோவின் ஆஷ் (ash) மரங்கள் பல இப்படித்தான் அழிந்தன.

ஏரி

இங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை. ஒன்ராறியோ ஏரிப் பக்கத்துக் கரையில் தூரம்வரை ஆழம் குறைவு. காற்று கரையிலிருந்து ஏரிக்கு வீசும் நாளில் மிதவை மெத்தை வேண்டாம், திரும்பி வர முடியாது. வெஸ்ட் லேக் பக்கத்து மணல்மேட்டுக் கரையில் ஆழம் திடீரென்று விழும். நீந்தத் தெரியாதவர் உயிர்காப்பு அங்கி போடட்டும். பாதை விட்டுப் போனால் மூவிலைக் கொத்தாக இருக்கும், தொட்டால் தோல் தடிக்கும் நச்சுப்படர் (poison ivy) உண்டு. உண்ணியும் உண்டு, கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். மாலையில் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, தலைமயிர் ஓரம் எல்லாம் ஒருவருக்கொருவர் பார்த்துவிடுங்கள்.

காலை நனைத்துக்கொண்டு வருபவர்களுக்காகப் படிக்கட்டின் கீழே ஒரு வாளித் தண்ணீர் நிரந்தரமாக இருக்கட்டும். மணல் குளியல் துளையால் போனால் கழிவுநீர்த் தாங்கியில் படியும். நகரும் அறையின் ரப்பர் விளிம்பில் ஒட்டினால் அறையை உள்ளே இழுக்கும்போது ரப்பரை அரைக்கும்.

கிளம்பும் நாள்

இடத்தை 2 மணிக்குள் விட வேண்டும், கழிவு நிலையத்தில் வரிசை 11 மணிக்கே தொடங்கும். ஒருவர் உள்ளே: கூரைத் துவாரங்கள், குளிர்சாதனக் கதவுப் பூட்டு, பம்ப், வெந்நீர்ச் சுவிட்ச், லாச்சிகள். மற்றவர் வெளியே: கூடாரத் துணி (ட்ரெய்லரின் பக்கத்தில் நிழலுக்கு விரிப்பது), வயர், அன்ரெனா, படி, காஸ். பிறகு இருவரும் இடம் மாறி மற்றவர் செய்ததைப் பாருங்கள். கொழுவியபின் பத்து அடி முன்னுக்கு எடுத்து நிறுத்தி, இறங்கி, காலியான இடத்தைப் பாருங்கள். கட்டையும் துணி உலர்த்தும் கயிறும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

நனைந்த கூடாரத் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தால் வீட்டில் அதே நாளோ அடுத்த நாளோ விரித்துக் காயவிடுங்கள். மூன்றாம் நாள் கரும்புள்ளி விழும், அது போகாது.